வலது கிண்ணத்தில் குறுக்கு முறிவு

பேருந்தில் ஏறினால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், கைப்பேசியைப் பார்ப்பார்கள். நான் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவள் நான். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே, சி.டி. படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர். முன் சீட்டில் முட்டி இடிக்க நேராக உட்கார்ந்திருப்பவரைக் கண்டால், வண்டி இப்போது எதிலாவது மோதினால் இவருக்கு இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவர் உடையும் என்று மனம் தானாகச் சொல்லும். கால்மேல் கால் போட்டிருப்பவருக்குச் சுவர் உடைவதோடு பந்தும் நழுவி வெளியே வந்துவிடும். லேசாகக் காலை அகட்டி, பக்கத்து ஆளுக்கு இடம் தராமல் உட்கார்ந்திருக்கும் மகராசனுக்குப் பின்தூண் போகும். அவர்கள் பாட்டுக்கு வெயிலைப் பற்றியும் சம்பந்தி வீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவார்கள். நான் நடக்காத விபத்துக்கு வகை பிரித்துக்கொண்டு வருவேன். இதை ஒருமுறை என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து அவர் என் எதிரில் நிம்மதியாக உட்கார்வதே இல்லை.

தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது பொருந்திச் சுழல்வதற்கு இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். முட்டியில் விழும் அடி தொடை எலும்பு நெடுக ஓடி, பந்தைக் கொண்டுபோய்க் கிண்ணத்தில் இடிக்கும். அந்தக் கணத்தில் தொடை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதைப் பொறுத்துக் கிண்ணத்தின் ஒரு பகுதி உடையும். முன்சுவர், பின்சுவர், முன்தூண், பின்தூண், குறுக்கு என்று எளிய வகைகள் ஐந்து. இவை ஒன்றோடொன்று கலந்த வகைகள் இன்னும் ஐந்து. படிக்கிற காலத்தில் இந்தப் பத்தையும் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எக்ஸ்ரேயில் ஆறு கோடுகளைக் கண்ணால் தடவிக்கொண்டே போய், எது அறுந்திருக்கிறது என்று பார்த்து வகையைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. ஆள் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அந்த இருப்பு கிண்ணத்தில் பதிந்துவிடுகிறது. நாங்கள் ஆளைப் படுக்கவைத்துத்தான் படம் எடுக்கிறோம். உள்ளே எலும்பு மட்டும் இன்னும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெண்ணை ஒரு மத்தியானம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். சேத்தூர்க்காரி, சின்ன வயது. கணவனுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன், அன்று மனைவியைப் புளியங்குடியில் அம்மா வீட்டில் இறக்கிவிடுவதற்காகக் கூட அழைத்துப் போயிருக்கிறான். தென்காசி ரோட்டில் வண்டி புளியமரத்தில் மோதி வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவன் முன்கண்ணாடி வழியாக வெளியே விழுந்து அந்த இடத்திலேயே போய்விட்டான். அவனை எரித்ததுகூட அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தாள்.

கூட வந்திருந்தது மாமியார். மகனைப் பறிகொடுத்து, இன்னும் காரியம்கூட முடியாத நிலையில், மருமகளின் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவராகவே சொன்னார்.

"இவதாம்மா ஓட்டுனா. எம் மவன் பழக்கி விட்டுக்கிட்டு இருந்தான். கம்மாக்கரையில ஓட்டுனவ, அன்னைக்கு ரோட்டுல ஓட்டிப் பாக்குதேன்னு உக்காந்துட்டா. தூக்கப் போனவிய பாத்தாவள்ல, ஸ்டியரிங்குக்கு அடியிலதான் கெடந்தா."

"போலீஸ்ல?"

"அவன் ஓட்டுனான்னுதான் சொல்லியிருக்கோம். லைசென்ஸ் இல்லாத பொம்பள, கேஸு கீஸுன்னு ஆயிட்டா? போனவன் போயிட்டான். இவளையும் கொண்டுபோய் எங்க தள்ளுறது?"

இதைச் சொல்லிக்கொண்டே முந்தானையால் மருமகளின் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். மகனைக் கொன்றவள் என்று நம்புகிற ஒருத்தியின் கழுத்தை அந்தக் கை அத்தனை மெதுவாகத் துடைத்தது.

இடுப்புக்கு நேராக ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். பிறகு இடப்பக்கம் கொஞ்சம் சரித்து ஒன்று, வலப்பக்கம் கொஞ்சம் சரித்து ஒன்று. சி.டி. இருக்கும்போது இந்தச் சரித்துப் படம் எதற்கு என்று இப்போது பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் அறுவைசிகிச்சை செய்யும் மதுரை டாக்டர் பழைய ஆள், மூன்று படமும் வேண்டும் என்பார். உடைந்த இடுப்போடு ஒருவரைச் சரிப்பது சாமானியமான காரியமல்ல. ஆண்களே கட்டடம் அதிரக் கத்துவார்கள். இந்தப் பெண் கத்தவில்லை. சரித்துப் பிடித்திருந்தபோது மேற்கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"நான்தான் ஓட்டுனேன் டாக்டரம்மா. ஸ்டியரிங்கு கையில கெடந்து ஆடுச்சு. அமுக்கிப் பிடிச்சேன், நிக்கல. பிரேக்குன்னு நெனச்சு எதையோ மிதிச்சேன். மரம் எம் பக்கத்துக்கு நடந்து வந்துச்சு."

"மொத ரெண்டு நாளு ஒண்ணுமே தெரியலன்னா," என்று வாசலிலிருந்து மாமியார் சொன்னார். "நாங்க சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொண்ணா ஞாவகம் வருது."

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அதற்குள் எங்கள் டெக்னீசியன் பெண் என்னைக் கூப்பிட்டாள். நோயாளியைச் சரித்ததில் இடது தொடையின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே சின்னச் சின்னப் புள்ளிகளாக, வரிசை பிசகாமல், ஒரு வளைவில் தோல் கன்றிப் போயிருந்தது.

"பூரான் ஏதும் ஊர்ந்திருக்குமோ மேடம்?" என்றாள்.

பூரானாக இருந்தால் இப்படி அளவெடுத்தா ஊரும் என்று அவளை அடக்கிவிட்டு, நானும் செத்த நேரம் அதையே பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் புள்ளிகள் ரிப்போர்ட்டுக்கு வேண்டாதவை.

சி.டி. அறையில் அவளைப் படுக்கவைத்து, கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். மேடை நகர ஆரம்பித்தது. அவளுடைய கைகள் நெஞ்சை விட்டு மெல்ல எழுந்தன. காற்றில் எதையோ வட்டமாகப் பிடித்துக்கொண்டன. பிறகு திருப்பின. கொஞ்சம் வலது பக்கம், திரும்ப நேராக, திரும்பவும் வலது பக்கம். வெளியே ரோட்டில் மினி பஸ்காரன் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. பட்டப்பகல்தான். ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது.

"கையை ஆட்டாதம்மா," என்று மைக்கில் சொன்னேன்.

"ஆட்டலையே டாக்டரம்மா," என்றாள். சொல்லும்போதும் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

படங்கள் வந்தன. குறுக்கே உடைந்த கிண்ணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் சி.டி.யில் குறுக்கு முறிவு குறுக்காகத் தெரியாது. ஒவ்வொரு அடுக்கிலும் முன்னிருந்து பின்னாகப் போகும் கோடாகத்தான் தெரியும். தூண் உடைந்தால்தான் கோடு பக்கவாட்டில் ஓடும். புதிதாகப் படிக்கிறவர்கள் இதில் கட்டாயம் ஏமாறுவார்கள். அவளுடைய வலது கிண்ணத்தில் கோடு முன்பின்னாக, சுத்தமாக ஓடியிருந்தது. அடுக்குகளைச் சேர்த்துக் கணினியில் முழு இடுப்பாக்கி, தொடை எலும்பை மட்டும் அழித்தேன். கிண்ணத்தின் முகத்தை நேராகப் பார்க்க இதைச் செய்வது வழக்கம். ஒரு சொடுக்கில் கால் காணாமல் போகும். இடுப்பெலும்பு கறுப்புத் திரையில் தனியாக மிதக்கும். சுட்டியால் திருப்பினால் அது என் பக்கம் திரும்பிப் பார்க்கும். எத்தனையோ முறை செய்த வேலைதான். அன்று அதைத் திருப்பப் பிடிக்கவில்லை.

கிண்ணம் மேல் பாதி, கீழ்ப் பாதியாக நடுவே பிளந்திருந்தது. மேல் பாதி உடம்போடு நின்றது. கீழ்ப் பாதி உள்பக்கம் நகர்ந்திருந்தது. 'வலது கிண்ணத்தில் குறுக்கு முறிவு' என்று எழுதி மதுரைக்கு அனுப்பினேன். அவளையும் அன்றே அங்கே கொண்டுபோய்விட்டார்கள். விபத்து நடந்த இடத்தில் பேண்டேஜ் துணி சுருள் சுருளாகப் பிரிந்து புளியமரக் கிளைகளில் தொங்குகிறது என்றும், அதை எடுக்க ஒருவரும் மரத்தில் ஏறவில்லை என்றும் டெக்னீசியன் பெண் சொன்னாள். அவளுக்கும் அந்தப் பக்கத்து ஊர்தான்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்தில் எனக்கு எதிர்ப்புறச் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலைச் சீட்டின் மேல் தூக்கி மடக்கி, பாதத்தை இன்னொரு தொடைக்கு அடியில் செருகியிருந்தாள். நம் பெண்கள் எங்கேயும் உட்காருகிற உட்கார்வுதான், அரைச் சம்மணம். மடக்கிய முட்டி அகன்று வெளிப்பக்கம் பார்த்தது. என் மனம் வழக்கம்போலச் சொன்னது: குறுக்கு முறிவு.

சொல்லிவிட்டு நின்றது. தொடையை நன்றாக அகட்டி மடக்கிய நிலையில் முட்டியில் இடித்தால் குறுக்காகத்தான் பிளக்கும். அந்தப் பெண் ஊர் வந்ததும் காலைக் கீழே இறக்கினாள். தொடைக்கு அடியிலிருந்து பாதம் வெளியே வந்தது. கணுக்காலில் கொலுசு. சேலையை விலக்கிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, அவள் தொடையின் அடியில் இப்போது அந்தக் கொலுசு மணிகள் வரிசையாக அழுந்தியிருக்கும் என்று.

நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கண்டக்டர் கேட்டபிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் முதல் வேலையாக அந்தச் சேத்தூர்ப் பெண்ணின் படங்களைத் திரும்பத் திறந்தேன். இடுப்பின் பக்கவாட்டில் அடிபட்டு விழுந்தாலும் இதே முறிவு வரும், அதனால் எலும்பு ஒன்றை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவள் இடுப்பின் பக்கத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தோல் கிழிந்திருந்தது வலது முட்டியில். கொலுசின் அச்சு இடது தொடையின் அடியில். மோதிய கணத்தில் அவளுடைய வலது பாதம் அந்தத் தொடைக்குக் கீழே மாட்டியிருந்தது. வலது காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உலகத்தில் ஒருவரும் வண்டி ஓட்ட முடியாது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் அந்தக் காலுக்குத்தான். அவள் பக்கத்து சீட்டில் இருந்தாள். வண்டி சாய்ந்ததில் ஸ்டியரிங் பக்கம் போய் விழுந்திருக்கிறாள். போலீசிடம் அந்தக் குடும்பம் பொய் என்று நினைத்துச் சொன்னதுதான் உண்மை.

அப்படியானால் கையில் ஆடிய ஸ்டியரிங் எங்கிருந்து வந்தது? நடந்து வந்த மரம்? இல்லாத வட்டத்தைக் காற்றில் அவள் எப்படித் திருப்பினாள்? வார்டில் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து உறவெல்லாம் சொல்லச் சொல்ல, அவளுக்கு அது நினைவாகவே வளர்ந்துவிட்டிருக்கிறது. இதை நினைத்தபோது, அந்தக் கைகளைப் பார்த்த அன்றைவிட அதிகமாகப் பயந்தேன்.

பயத்துக்குப் பின்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ரிப்போர்ட் எழுதுகிறவளுக்கு யார் வண்டி ஓட்டினார்கள் என்பது எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் புருஷனைக் கொன்றுவிட்டோம் என்ற நினைப்போடு ஒருத்தி காலமெல்லாம் கிடக்கப்போகிறாள். அவள் கொல்லவில்லை என்பது ராஜபாளையத்தில் எனக்கும் என் கணினிக்கும் மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. அவள் எப்படியும் எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க வருவாள், அப்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சில மாதம் கழித்து வந்தாள். நான்கு கால் நடைக்கம்பியை ஊன்றி ஊன்றி, மாமியார் பின்னாலேயே கை நீட்டிக்கொண்டு வர, நடந்தே உள்ளே வந்தாள். படம் நன்றாக இருந்தது. தகடும் திருகாணிகளும் வெள்ளையாகத் தெரிந்தன, கோடு மங்கியிருந்தது. இருவரையும் என் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "அன்னைக்கு வண்டிய நீ ஓட்டல."

சுற்றி வளைக்காமல், கிண்ணம் உடைந்த விதத்தையும் தொடையில் பதிந்திருந்த கொலுசையும் சொன்னேன். பழைய படத்தைத் திரையில் காட்டினேன். வலது காலை மடக்கி வைத்திருந்தாய், மடக்கிய காலால் ஓட்டியிருக்க முடியாது என்றேன்.

"ஸ்டியரிங்குக்கு அடியிலல்ல கெடந்தா?" என்றார் மாமியார்.

"வண்டி சாஞ்சப்ப அங்க வந்து விழுந்திருக்காம்மா."

அந்தப் பெண் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கையில ஆடுச்சே," என்றாள் மெதுவாக. பிறகு பார்வை வலது முட்டிக்குப் போனது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுவாள், அழுது முடித்தால் லேசாகிவிடுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பாட்டிலைக்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன்.

"ஆமா," என்றாள். "மடக்கித்தான் வச்சிருந்தேன். இப்பத் தெரியுது. அவிய வஞ்சாவ. 'ஏட்டி, கால எறக்கி வையி, கியர் போட எடைஞ்சலா இருக்குல்ல'ன்னு வஞ்சாவ. நான் எறக்கல. எம் பக்கமாத் திரும்பினாவ. திரும்பி என் முட்டியத் தட்டிவிட்டாவ. ரோட்டப் பாக்கல." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "நான் எறக்கியிருந்தா அவிய திரும்பியிருக்க மாட்டாவள்ல டாக்டரம்மா?"

மடக்கிய காலை நான்தான் கொஞ்சம் முன்பு அவளிடம் கொடுத்தேன். அதற்குள் அதற்கு ஒரு குரல் வந்துவிட்டது, தட்டிவிடும் ஒரு கை வந்துவிட்டது. கணவன் உண்மையாகவே அப்படித் திட்டினானா, வேறு ஏதோ ஒரு நாள் சொன்னதா, ஒரு நாளும் சொல்லாததா? என்னிடம் இருந்த எந்தப் படத்திலும் அது இல்லை. ஒரு பழியை எடுத்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்த இடத்தில் இன்னொன்று வந்து பொருந்தி உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்ரே மேஜையில் கிடந்த அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மாமியார் திரையில் இருந்த படத்தையும் மருமகளையும் மாறிமாறிப் பார்த்தார். ஓட்டியது தன் மகன்தான் என்பது அவருக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, மருமகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவளுடைய வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் எங்கட்டி வஞ்சான்?" என்றார். "நீ எங்க கேட்ட? நீதான் தூங்கிட்டியே."

அவள் புரியாமல் விழித்தாள்.

"வண்டியில ஏறுனா இவளுக்கு ஒறக்கந்தான் டாக்டரம்மா. கால மடக்கிப் போட்டான்னா அம்புட்டுத்தான், ஊரு தாண்டுறதுக்குள்ள கண்ணசந்துருவா. அன்னைக்கும் அப்பிடித்தான். இவ தூங்குதாள்னு எம் மவன் பேச்சுக் கொடுக்காம ஓட்டியிருக்கான். பேச்சுத் தொணை இல்லாம அவனுக்கும் அசந்துட்டு. அவன் செஞ்ச தப்பு அது. தூங்குறவ என்னட்டி செய்வ?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வண்டியில் அவர் இல்லை. எனக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பெற்ற மகனின் தலையில் தன் கையாலேயே பழியைத் தூக்கி வைத்துவிட்டு, மறுத்துப் பேசிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார்.

"ஆமாம்மா," என்றேன் நான், அந்தப் பெண்ணைப் பார்த்து. "தூங்கியிருந்தாலும் இப்படித்தான் உடையும்."

"தூங்கிட்டேனா அத்தே?"

"தூங்கிட்டட்டி."

"நெசமாவா?"

"தூங்கிட்ட, தாயி. நல்லாத் தூங்கிட்ட."

படங்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். மாமியார் அதை வாங்கி இடுக்கிக்கொண்டு, அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். நடைக்கம்பியை ஊன்றி மெதுவாகக் கதவுவரை போனவள், அங்கே நின்றாள். எதையோ கேட்பதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"ஆமா அத்தே," என்றாள். "கண்ணாடியில தல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. அரைத் தூக்கத்துல லேசா வலிச்சுச்சு."

"ஆமா," என்றார் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் போல. "இடிச்சுக்கிட்டேதான் வந்துச்சு."